பின்சக்கர பிரேக்: பேட்டுடன் கவனிக்க வேண்டிய சிறு பாகங்கள்

கோயில் தேரை இழுக்க ஊரே கூடுகிறது. அதை நிறுத்தும் பொறுப்போ சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடும் ஒரு சிலருடையது. கட்டை சரியான இடத்தில், சரியான நேரத்தில் விழாவிட்டால் தேர் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் அமைத்துக் கொடுத்த பின்னரும் முட்டுக்கட்டை போடுபவர்களின் பணி அங்கே நின்றுவிடவில்லை. நாம் அன்றாடம் ஓட்டும் காரிலும் ஏறத்தாழ இதே நிலைதான். பிரேக் பேட்டைப் பற்றிப் பலரும் பேசுகிறோம். அந்தப் பேட்டை அதன் இடத்தில் நிறுத்தி, தேவையானபோது நகரவிடும் கிளிப், பின், ஷிம் ஆகிய சிறு பாகங்களைப் பெரும்பாலும் நினைப்பதில்லை.

வாகனக் கடன் பொதுவாக 5 முதல் 7 ஆண்டுகள் வரை நீள்கிறது. கடைசித் தவணை கட்டி முடிப்பதற்குள் பெரும்பாலான கார்களில் பிரேக் பேட்டுகள் ஒரு முறையேனும் மாற்றப்பட்டுவிடும். அந்த வேலை சரியாக நடந்ததா என்பதை வாடிக்கையாளர் தாமே அறிந்துகொள்ள முடிந்தால், வீண் செலவும் தவிரும், குடும்பத்தின் பாதுகாப்பும் உறுதிப்படும். பேட் மாற்றும் வேலையை நாமே செய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. வேலை நடக்கும்போது எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதை விளக்குவதே நோக்கம். தில்லியில் கார் ஓட்டும் வாசகர்களை முன்னிறுத்தி இதை எழுதுகிறோம். பிற ஊர் வாசகர்களுக்கும் இது பொருந்தும்.

பிரேக் செய்யும் வேலை

ஓடும் காரில் இருக்கும் இயக்க ஆற்றலை உராய்வின் வழியே வெப்பமாக மாற்றுவதே பிரேக்கின் பணி. 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதில் ஏறத்தாழ 300 கிலோ ஜூல் ஆற்றல் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு ஆற்றல் போதும். ஒரே ஒரு முறை காரை நிறுத்தும்போது, சில நொடிகளுக்குள் இவ்வளவு வெப்பத்தையும் நான்கு சக்கரங்களின் பிரேக்குகள் ஏற்றுக்கொண்டு காற்றில் விட வேண்டும்.

பிரேக் அழுத்தும்போது காரின் எடை முன்பக்கம் சாய்வதால், பெரும்பங்கு வேலையை முன்சக்கரங்களே செய்கின்றன. எனினும் பின்சக்கர பிரேக் இரண்டாம்பட்சமானது என்று எண்ணிவிடக் கூடாது. வண்டி நேர்கோட்டில் நிற்பதற்கு அதுவே துணை. கைபிரேக் செயல்படுவதும் பெரும்பாலும் பின்சக்கரங்களில்தான். பின்பக்க பேட்டுகள் மெல்ல மெல்லத் தேய்வதால், அவற்றை அடிக்கடி கழற்றிப் பார்ப்பதில்லை. நெடுங்காலம் கவனிப்பாரின்றி இருப்பதே அங்குள்ள சிறு பாகங்கள் துருப்பிடித்து இறுகிப்போவதற்கு முதற்காரணம்.

டிஸ்க் பிரேக்கிற்கு இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த பிரெடரிக் லான்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஆயினும் 1953ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வெற்றி பெற்ற பின்னரே உலகம் அதை உற்று நோக்கியது. நம் நாட்டில் பிரேக் தயாரிப்புக்குத் தமிழகத்தின் பங்கு பெரிது. 1962ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் சென்னைப் பாடியில் வேரூன்றி வளர்ந்தது. இன்றும் ஆல்டோ, வேகன் ஆர் போன்ற சிறு கார்களின் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கே உள்ளது. விலை கூடிய பல மாதிரிகளில் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் வருகிறது. இக்கட்டுரை முதன்மையாகப் பின்சக்கர டிஸ்க் பிரேக்கைப் பற்றியது. டிரம் பிரேக் உள்ளவர்களுக்கான குறிப்பைப் பின்னர்த் தருகிறோம்.

சிறு பாகங்கள் எவை?

சக்கரத்துடன் சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு டிஸ்க் எனப்படும். அதன் இரு பக்கத்திலும் ஒவ்வொரு பேட் இருக்கும். இரு பேட்டுகளையும் அணைத்தபடி கேலிபர் உட்கார்ந்திருக்கும். கேலிபரைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைப் பிராக்கெட் என்பார்கள். பெரும்பாலான கார்களில் கேலிபரின் உட்புறம் மட்டுமே பிஸ்டன் உண்டு. நாம் பெடலை மிதிக்கும்போது பிஸ்டன் உட்பக்கப் பேட்டை டிஸ்கின் மீது தள்ளுகிறது. அதன் எதிர்விசையால் கேலிபர் முழுவதும் சற்றே உள்நோக்கி நகர்ந்து, வெளிப்பக்கப் பேட்டையும் டிஸ்கின் மீது இழுத்து அழுத்துகிறது. ஆகவே இந்த அமைப்பில் இரண்டு நகர்வுகள் தடையின்றி நடக்க வேண்டும்: பிராக்கெட்டுக்குள் பேட் நகர வேண்டும், பின்களின் மீது கேலிபர் நகர வேண்டும். சிறு பாகங்கள் அனைத்தும் இவ்விரண்டு நகர்வுகளுக்காகவே இருக்கின்றன.

முதலாவது, கிளிப். பேட்டின் இரு முனைகளிலும் காது போன்ற நீட்சி உண்டு. அந்தக் காதுகள் பிராக்கெட்டில் உள்ள பள்ளத்தில் அமரும். பள்ளத்துக்கும் காதுக்கும் இடையே மெல்லிய எஃகுத் தகடாக இருப்பதே கிளிப். பேட் வழுக்கிச் செல்ல அது பாதை தருகிறது. பேட் ஆடி ஓசை எழுப்பாமல் பிடித்துக்கொள்கிறது. சில மாதிரிகளில் பெடலை விட்டவுடன் பேட்டை டிஸ்கிலிருந்து விலக்கிவிடும் சிறு சுருளோ வளைந்த கம்பியோ இதனுடன் சேர்ந்து வரும்.

இரண்டாவது, கைடு பின். கேலிபர் முன்னும் பின்னும் வழுக்கி நகர்வது இவற்றின் மீதுதான். ஒவ்வொரு கேலிபருக்கும் பெரும்பாலும் இரண்டு பின்கள் உண்டு. சில கார்களில் இரண்டும் ஒன்றுபோல் இரா. ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும், மற்றொன்றில் இராது. அவற்றை இடம் மாற்றிப் போடலாகாது.

மூன்றாவது, ரப்பர் பூட். பின்களுக்குள் தண்ணீரும் தூசியும் புகாமல் காக்கும் உறை இது. இதில் ஒரு கீறல் விழுந்தால் போதும். ஒரு மழைக்காலத்திற்குள் உள்ளே துருப்பிடித்துப் பின் இறுகிவிடும்.

நான்காவது, ஷிம். பேட்டின் முதுகில் ஒட்டியோ செருகியோ இருக்கும் மெல்லிய தகடு. அதிர்வைத் தணித்துக் கீச்சொலியைக் குறைப்பது இதன் பணி.

பேட்டின் உராய்வுப் பகுதி புதிதாக இருக்கும்போது பொதுவாக 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அது 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்தால் மாற்றிவிடுவது நல்லது. பேட் தேய்வது இயல்பு, அதற்காகவே அது செய்யப்பட்டது. ஆனால் இரு பேட்டுகளும் ஒரே சீராகத் தேய வேண்டும். உட்பக்கம் 2 மில்லிமீட்டரும் வெளிப்பக்கம் 7 மில்லிமீட்டருமாக இருந்தால், புதுப் பேட் போடுவது மட்டும் அதற்குத் தீர்வாகாது. ஏதோ ஒரு நகர்வு தடைப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள்.

தில்லிச் சாலைகளும் பிரேக்கும்

தில்லியின் பருவநிலை இச்சிறு பாகங்களுக்கு உகந்ததன்று. கோடையில் வெப்பம் 45 டிகிரியைத் தொடுகிறது. மேற்கிலிருந்து வீசும் புழுதிக்காற்று சக்கரங்களின் இடுக்குகளையெல்லாம் நிரப்புகிறது. ஆடி, ஆவணி மாதங்களில் சாலைகளில் நீர் தேங்குகிறது. மிண்டோ பாலத்தின் கீழ் வாகனங்கள் மூழ்கி நிற்கும் படங்களை நாளேடுகளில் பார்க்கிறோம். சேற்று நீரில் இறங்கி ஏறிய காரில், பிராக்கெட் பள்ளங்களில் மண் படிந்துவிடும்.

குளிர்காலத்தின் சிக்கல் வேறு வகையானது. காற்று மாசு கடுமையாகும் நாள்களில், படிநிலைச் செயல்திட்டத்தின் மூன்றாம் கட்டம் நடைமுறைக்கு வந்தால், பாரத் ஸ்டேஜ் மூன்று வகைப் பெட்ரோல் கார்களும், பாரத் ஸ்டேஜ் நான்கு வகை டீசல் கார்களும் ஓடத் தடை விதிக்கப்படுகிறது. பனி ஈரத்தில் நாள்கணக்கில் கைபிரேக் போட்டபடி நிற்கும் காரில் டிஸ்கின் மேல் துரு படர்கிறது, பேட்டும் டிஸ்கோடு ஒட்டிக்கொள்கிறது. தடை நீங்கிக் காரை எடுக்கும்போது முதலில் ஒரு சத்தம் கேட்டு, பின்னர் ஓடத் தொடங்கும். அச்சத்தத்தைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் சில கிலோமீட்டர் ஓடிய பின்னும் சக்கரம் இறுக்கமாகவே சுழன்றால், கிளிப்புகளும் பின்களும் துருவில் சிக்கியுள்ளன என்று ஐயுற வேண்டும். நெடுநாள் நிறுத்த நேர்ந்தால், சமதளத்தில் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, கைபிரேக்கைத் தளர்த்தி வைப்பது நலம்.

இன்னொன்றும் உண்டு. தில்லியிலிருந்து விடுமுறைக்கு முசூரிக்கோ சிம்லாவுக்கோ காரில் செல்லும் குடும்பங்கள் பல. முசூரியிலிருந்து டேராடூனுக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரம் குறைகிறது. மேற்சொன்ன 1,200 கிலோ கார் அந்த இறக்கத்தில் வெளியிடும் ஆற்றல், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 50 முறை நிறுத்துவதற்கு ஈடானது. உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குபவர்களுக்கு இது இன்னும் கூடுதல். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். பின்சக்கரப் பேட் ஒன்று விலகாமல் டிஸ்கில் உரசிக்கொண்டே வந்தால், அந்தச் சக்கரம் இயல்பைவிடப் பல மடங்கு சூடேறும். அச்சூடு பிரேக் ஆயிலுக்கும் போகும். டாட் 3 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நாள்பட்ட நிலையில் அது 140 டிகிரி வரை இறங்கிவிடக் கூடும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் தோன்றினால், பெடலை மிதித்தாலும் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. மலைச்சாலையில் அதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. பிரேக் ஆயிலை ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

சரியாகப் பொருத்தும் முறை

பேட் மாற்றும் வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தால், பட்டறையில் நின்று பார்க்கும்போதே குறை தெரிந்துவிடும்.

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கிய பின் ஜாக் ஸ்டாண்ட் கொடுக்காமல் எவரும் வேலை செய்யக் கூடாது. ஒரே நேரத்தில் இரு சக்கரங்களையும் பிரித்துப் போடாமல், ஒன்றை முடித்த பின் மற்றொன்றைத் தொடுவது நல்ல வழக்கம். எந்தப் பாகம் எந்தப் பக்கம் இருந்தது என்ற குழப்பம் வந்தால், பிரிக்காத சக்கரம் வழிகாட்டும். இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம் போல் மாறியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். பேட்டை மாற்றும்போது ஒரே அச்சின் இரு சக்கரங்களிலும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு புறம் இழுக்கும்.

கேலிபரைக் கழற்றியதும் அதை பிரேக் குழாயில் தொங்க விடக் கூடாது. ஒரு கம்பியால் கட்டித் தொங்க விட வேண்டும். குழாயின் உட்புறம் சேதமுற்றால் வெளியில் தெரியாது, பெடலில்தான் பிறகு தெரியும்.

அடுத்து வருவதே இக்கட்டுரையின் மையமான வேலை. பழைய கிளிப்புகளை எடுத்துவிட்டு, அவை அமர்ந்திருந்த பிராக்கெட் பள்ளத்தைக் கம்பி பிரஷ் கொண்டு துருவின்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இரும்பு துருப்பிடிக்கும்போது பருமனில் வீங்குகிறது. கிளிப்பின் அடியில் சேர்ந்த துரு அதை மேலே தள்ளுவதால், பேட் நகர வேண்டிய இடைவெளி குறைந்துவிடுகிறது. துருவின் மேலேயே புதுக் கிளிப் வைத்தாலும் பயன் இல்லை. புதுப் பேட் உள்ளே போகாமல் இறுகுவதைக் கண்டு, சிலர் பேட்டின் காதுகளை அரத்தால் தேய்த்துச் சிறிதாக்குவதும் உண்டு. இடைவெளியை அடைத்திருப்பது துரு என்றால், தேய்க்க வேண்டியது துருவையே, பேட்டை அன்று. சுத்தம் செய்யும்போது காற்றுக் குழாயால் தூசியை ஊதிப் பறக்க விடாமல், பிரேக் கிளீனர் தெளித்துத் துடைப்பதே முறை. பழைய உராய்வுப் பொருள்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலுக்குக் கேடு.

சுத்தமான பள்ளத்தில் புதுக் கிளிப்பை வைத்து, அது முழுவதும் படிந்து அமர்ந்ததா என்று பார்க்க வேண்டும். மேல் கிளிப்பும் கீழ்க் கிளிப்பும் வடிவில் மாறுபடலாம். அடைப்பில் வரும் படத்தைப் பார்த்தே பொருத்த வேண்டும். பின்னர் பேட்டைச் செருகி, விரலால் தள்ளினால் அது நகர வேண்டும். சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்ற வேண்டியிருந்தால் அங்கே தவறு இருக்கிறது. கடகடவென்று ஆடினாலும் தவறே.

பேட்டுகளில் உட்பக்கத்துக்கு உரியது எது, வெளிப்பக்கத்துக்கு உரியது எது என்பதைப் பிரித்தறிய வேண்டும். பேட் தேய்ந்தவுடன் டிஸ்கில் உரசிக் கீச்சிட்டு எச்சரிக்கும் சிறு தகடு பல பேட்டுகளில் இருக்கும். அது நிற்க வேண்டிய பக்கத்தையும் திசையையும் வண்டியின் பழுதுபார்ப்புக் கையேடு சொல்கிறது. முன்பு இருந்ததைப் பார்த்து அப்படியே வைப்பது எப்போதும் போதாது, முன்பு மாட்டியவரே மாற்றி மாட்டியிருக்கலாம். ஷிம் பேட்டோடு ஒட்டியே வந்திருந்தால், அதன் மேல் பழைய ஷிம்மையும் சேர்த்து வைக்கக் கூடாது.

கைடு பின்களை வெளியே எடுத்து, பழைய கிரீஸைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கப்படும், வெப்பம் தாங்கும் சிலிகான் அல்லது செயற்கைக் கிரீஸை மெல்லப் பூச வேண்டும். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் இங்கு ஆகாது. பெட்ரோலிய வகைக் கிரீஸ் பட்டால் பிரேக்கின் ரப்பர் ஊதிப் பெருகி, பின்னை இறுகப் பற்றிக்கொள்ளும். ரப்பர் பூட் மடிப்பில்லாமல் தன் பள்ளத்தில் அமர வேண்டும். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். கிளிப்புகளின் மீது கிரீஸ் வேண்டுமா என்பது தயாரிப்பாளர் சொல்வதைப் பொறுத்தது. வழுக்கும் பூச்சுடன் வரும் கிளிப்புகளுக்குக் கிரீஸ் தேவைப்படாது. பேட்டின் உராய்வு முகத்திலோ டிஸ்கிலோ ஒரு துளி கிரீஸும் படக் கூடாது.

பின்சக்கரத்துக்கே உரிய எச்சரிக்கை

முன்சக்கரத்தில் பேட் மாற்றிப் பழகியவரும் பின்சக்கரத்தில் இடறும் இடம் ஒன்று உண்டு. புதுப் பேட் தடிமனாக இருப்பதால், பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் கேலிபரை மீண்டும் மாட்ட முடியும். முன்சக்கரத்தில் நேராக அழுத்தினால் பிஸ்டன் உள்ளே போகும். பின்சக்கரத்தில் கைபிரேக்கும் அதே கேலிபருக்குள் அமைந்திருந்தால், பிஸ்டன் திருகுபோல் வேலை செய்யும். அதற்கென உள்ள கருவியால் அழுத்தியபடியே சுழற்ற வேண்டும். சுழற்றும் திசை மாதிரிக்கு மாதிரி மாறும். வலுவாக அழுத்தினால் உள்ளிருக்கும் திருகமைப்பு உடைந்து, முழுக் கேலிபரையும் மாற்றும் நிலை வரும். மேலும், இத்தகைய பிஸ்டனின் முகத்தில் பள்ளங்கள் இருக்கும். பேட்டின் முதுகில் உள்ள சிறு முளை அப்பள்ளத்தில் அமருமாறு பிஸ்டனை நிறுத்த வேண்டும். முளை வெளியே நின்றால் பேட் சாய்ந்து, கோணலாகத் தேயும்.

பொத்தானை அழுத்திப் போடும் மின்னணுக் கைபிரேக் உள்ள கார்களில், கணினிக் கருவியால் அல்லது கையேட்டில் சொல்லியுள்ள முறையால் வண்டியைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவந்த பிறகே கேலிபரைத் தொட வேண்டும். அந்தக் கருவி இல்லாத பட்டறையில் இவ்வேலையைத் தருவது உகந்ததன்று.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் மேல் தொட்டிக்குத் திரும்பி வரும். மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். வழிந்தால் வண்டியின் வண்ணப் பூச்சை அரித்துவிடும். கேலிபர் போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு முடுக்க வேண்டும். சக்கர நட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக இறுக்க வேண்டும்.

வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பல முறை மிதித்து, அது உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டும். பிஸ்டன் பேட்டை விட்டு விலகியிருப்பதால் முதல் சில மிதிகளில் பெடல் தரை வரை போகும். இதை மறந்து காரை எடுப்பவருக்கு முதல் திருப்பத்தில் பிரேக் இராது. பின்னர், போக்குவரத்து இல்லாத சாலையில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 கிலோமீட்டர் அளவுக்கு, முழுவதும் நிறுத்தாமல், நிதானமாகப் பத்து முறையளவு வேகம் குறைத்தால் பேட்டும் டிஸ்கும் ஒன்றோடொன்று பொருந்தும். இதற்குத் தயாரிப்பாளர் வேறு முறை கூறியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

தவறினால் தெரியும் அறிகுறிகள்

வேலை சரியாக நடக்காவிட்டால் வண்டியே அதைச் சொல்லும். மெதுவாகச் செல்லும்போது கேட்டு, பிரேக் அழுத்தியதும் நின்றுபோகும் கடகட ஒலி, கிளிப் இல்லாததையோ தளர்ந்திருப்பதையோ குறிக்கலாம். ஓட்டி வந்து நிறுத்தியதும் ஒரு பின்சக்கரத்தின் அருகில் மட்டும் அனலும் கருகல் வாடையும் வந்தால், பேட் விலகவில்லை என்று பொருள். டிஸ்கைக் கையால் தொடாமல், சக்கரத்தின் அருகே உள்ளங்கையைக் காட்டி இரு பக்கத்தையும் ஒப்பிட்டால் போதும். சமதளத்தில் கியரை விலக்கியும் வண்டி உருள மறுத்தல், பெட்ரோல் செலவு கூடுதல், ஒரு பக்கச் சக்கரத்தில் மட்டும் கரித்தூள் மிகுதியாகப் படிதல் ஆகியவையும் அதே குறையைச் சுட்டும்.

அந்தக் கரித்தூளும் காற்றில் கலக்கும் மாசே. ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டு இயற்றிய யூரோ 7 விதிகள், புகைக்கு மட்டுமின்றி பிரேக் தூசிக்கும் வரம்பு வகுத்துள்ளன. தில்லியின் காற்றைச் சுவாசிக்கும் நமக்கு, ஓயாமல் உரசும் ஒரு பேட்டைச் சரி செய்வது சிறிய நற்செயலே.

டிரம் பிரேக் உள்ள கார்களில் கிளிப்புக்குப் பதிலாக, பிரேக் ஷூவைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங்குகள், ஷூவைப் பிடித்து நிறுத்தும் சிறு ஸ்பிரிங்குகள், இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் ஆகியவை உள்ளன. வெப்பத்தில் தளர்ந்த ஸ்பிரிங் ஷூவை முழுவதும் இழுக்காது. ஷூ மாற்றும்போது இவற்றின் நிலையையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அட்ஜஸ்டர் இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனி என்பதால் மாற்றிப் போடக் கூடாது.

உதிரிப்பாகம் வாங்கும் இடம்

தில்லியில் கார் உதிரிப்பாகம் என்றதும் காஷ்மீரி கேட் சந்தையும் கரோல் பாக் கடைகளும் நினைவுக்கு வரும். சென்னைவாசிகளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை எப்படியோ, தில்லிவாசிகளுக்குக் காஷ்மீரி கேட் அப்படி. நெடுங்கால அனுபவமுள்ள நேர்மையான வணிகர்கள் அங்கே பலர் உள்ளனர். அதே வேளையில் போலி உதிரிப்பாகங்கள் பிடிபட்ட செய்திகளும் தில்லி நாளேடுகளில் அவ்வப்போது வருகின்றன. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் மாயாபுரியிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ கதவும் கண்ணாடியும் வாங்கலாம். பிரேக் பேட், கிளிப், ரப்பர் பூட் ஆகியவற்றை ஒருபோதும் பழையதாக வாங்கக் கூடாது.

கிளிப் தொகுப்பு தனியாகவும் கிடைக்கும், சில பேட் பெட்டிகளுக்குள்ளேயே சேர்ந்தும் வரும். பெட்டியைத் திறந்து பார்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது. வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொல்லி வாங்கினால் மாதிரி மாறாது. டிஸ்க், கேலிபர் ஆகியவற்றின் விலையோடு ஒப்பிட்டால் கிளிப் தொகுப்பின் விலை மிகச் சிறிது. அந்தச் சிறு தொகையை மிச்சப்படுத்தி, இறுகிய பேட்டால் டிஸ்க் வளைந்து, இரு சக்கரங்களுக்கும் புது டிஸ்க் வாங்க நேர்வதே பெருஞ்செலவு.

ரசீதும் உரிமையும்

வழக்கமான மோட்டார் காப்பீடு விபத்துச் சேதத்துக்கே ஈடு தரும். தேய்மானமும் இயந்திரப் பழுதும் அதில் அடங்குவதில்லை. ஆகவே பிரேக் பராமரிப்பு முற்றிலும் நம் கைப்பணத்தில் நடப்பது. குறையுள்ள வண்டியை ஓட்டுவது சட்டப்படியும் குற்றம்: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, பாதுகாப்பற்ற நிலையில் உள்ள வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டுவதற்குத் தண்டனை விதிக்கிறது.

பட்டறையில் பணம் செலுத்தும்போது பேட், கிளிப், கிரீஸ், கூலி ஆகியவை தனித்தனி வரிகளில் எழுதப்பட்ட ரசீது கேளுங்கள். மின்வழிப் பரிவர்த்தனையாகச் செலுத்தினால் வங்கிக் கணக்கிலும் பதிவு நிற்கும். ஆனால் அது ரசீதுக்கு மாற்றாகாது. என்ன வேலை நடந்தது என்பதை ரசீதுதான் சொல்லும். போலிப் பாகமோ குறையுள்ள வேலையோ என்று தெரிந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

காரை விடும்போது கேட்க வேண்டியவை

1. பேட்டுடன் கிளிப்புகளும் புதிதாகப் போடப்படுகின்றனவா? இல்லையெனில் பழைய கிளிப்புகள் மீண்டும் பயன்படும் நிலையில் உள்ளன என்று எதைக் கொண்டு சொல்கிறார்கள்?

2. பிராக்கெட் பள்ளத்தின் துரு நீக்கப்பட்டதா? மாட்டுவதற்கு முன் காட்டச் சொல்லுங்கள்.

3. கைடு பின்கள் வெளியே எடுக்கப்பட்டுச் சுத்தம் செய்யப்பட்டனவா? எந்தக் கிரீஸ் பூசப்பட்டது?

4. பழைய பேட்டுகள் நான்கும் ஒரே அளவில் தேய்ந்திருந்தனவா? அவற்றைத் திருப்பித் தரச் சொல்லிக் கண்ணால் பாருங்கள்.

5. பிஸ்டனைச் சுழற்றும் கருவி உள்ளதா? மின்னணுக் கைபிரேக் என்றால் அதற்குரிய கணினிக் கருவி உள்ளதா?

6. வேலை முடிந்தபின், சக்கரம் தரையைத் தொடும் முன், கையால் சுழற்றிக் காட்ட முடியுமா?

தில்லிப் பட்டறைகளில் இந்தியில்தான் பேச வேண்டியிருக்கும் என்று தயங்க வேண்டாம். பேட், கிளிப், பின், கிரீஸ் என்னும் சொற்கள் காஷ்மீரி கேட்டிலும் கோயம்புத்தூரிலும் ஒன்றே. அச்சொற்களைப் பெயர் சொல்லிக் கேட்கும் வாடிக்கையாளரின் வண்டியில் நல்ல மெக்கானிக் இன்னும் ஊக்கத்தோடு வேலை செய்வார். பழைய பேட்டுகளை நீங்கள் கையில் வாங்கிப் பார்ப்பீர்கள் என்று தெரிந்தால், அவசரக்காரரும் சற்று நிதானிப்பார்.